பத்துப் போகப் படிப்பு

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை பின்னேரம், வேலைக்குப் போவதற்காகத் தரிப்பிடத்துக்கு வந்தால் பஸ் வரவில்லை. ரோட்டுக்குக் குறுக்கே சிவப்பு வெள்ளைத் தடுப்பொன்றை வைத்து, அதில் ஒரு பலகையைத் தொங்கவிட்டிருந்தார்கள். தேரைகள் கடப்பதால் மூன்று கிழமைக்கு இந்த வீதி மூடப்பட்டிருக்கிறதாம். தேரை என்றால் நம்முடைய தேரைதான். மாரியில் குளியலறை மூலையில் குந்திக்கொண்டிருக்க, உம்மா உப்பைத் தூவி விரட்டுவாரே, அந்தச் சாதி. இங்கிலாந்தின் இந்தச் சின்ன ஊரில் அவை குளிர்காலம் முழுவதும் காட்டுக்குள் பதுங்கிக் கிடந்துவிட்டு, குளிர் விட்டதும் தாங்கள் பிறந்த குளத்துக்கே முட்டையிடத் திரும்புகின்றன. காட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் மனிதர்கள் ரோடு போட்டுவிட்டார்கள். ஆகவே மூன்று கிழமைக்கு மனிதர்கள் சுற்றிப் போகவேண்டும். எங்கள் ஊர் கல்முனையில் மந்திரி வந்தால்தான் ரோட்டை மூடுவார்கள். வன உயிர்ப் பாதுகாப்பில் முதுமாணிப் பட்டம் வாங்கிய நான், அந்த இடத்தில் நின்று தேரைகளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். முதியோர் இல்லத்தில் என் வேலை தொடங்க இருபது நிமிடம்தான் இருந்தது.

தடுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் மேலங்கியும் கையில் வாளியுமாக ஓர் அம்மையார் நின்றார். பெயர் சூசன். ஓய்வுபெற்ற கணக்காளர். தேரைகளை வாளியில் அள்ளி அடுத்த பக்கத்தில் விடுவது அவர் பொறுப்பு, சம்பளம் கிடையாது. எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். உங்கள் நாட்டில் யானை இருக்கிறதே, என்ன பாக்கியம் என்றார். எங்கள் வயலுக்கே யானை வரும் என்றேன். அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். வந்து வெள்ளாமை முழுவதையும் தின்றுவிட்டுப் போகும் என்று விளக்கினேன். “ப்ளெஸ் தெம்” என்றார் சூசன். தின்ற யானைக்கு ஆசீர்வாதம். விதைத்த என் வாப்பாவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, வேலைக்கு ஓடவேண்டியிருந்தது.

அந்த வாப்பாவைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வீடு கல்முனையில். வயல் இறக்காமத்துப் பக்கம், குளத்தை அண்டி, பத்து ஏக்கர். வாப்பாவின் உழைப்பு, மரியாதை, வெள்ளிக்கிழமைச் சட்டையின் மடிப்பு எல்லாம் அந்தப் பத்து ஏக்கரிலிருந்து வந்தவை. எனக்கு இங்கே படிக்க இடம் கிடைத்தபோது பல்கலைக்கழகம் பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. மீதிப் பாதியே எங்கள் தெருவை விலைக்கு வாங்கப் போதும்போல் இருந்தது. உம்மாவின் நகை கொஞ்சத்துக்குத்தான் கைகொடுத்தது. பாங்கில் கடன் எடுக்கலாம் என்று தம்பி சொன்னான். வாப்பாவுக்கு வட்டியும் பன்றியும் ஒன்று. இரண்டும் வளவுக்குள் வரக்கூடாது. கடைசியில் ஊரின் பெரிய அரிசி வியாபாரியான ஹாஜியாரிடம் வயலைக் குத்தகைக்குக் கொடுத்தார். வருடத்துக்கு மாரியில் ஒன்று, கோடையில் ஒன்று என்று இரண்டு போகம். பத்துப் போகத்துக்கு, அதாவது ஐந்து வருடத்துக்கு, முழுக் காசும் முன்கூட்டியே கைக்கு வந்தது. அதை அப்படியே நான் கொண்டுவந்து இங்கே கட்டினேன்.

ஊர் சும்மா இருக்குமா? டொக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்றால் மாஷா அல்லாஹ் என்றிருப்பார்கள். கணக்கியல் என்றால் பரவாயில்லை என்றிருப்பார்கள். மாமா ஒருவர் வாசலில் நின்று உரத்துக் கேட்டார்: “யானையப் பாக்க இங்கிலாந்துக்கா போகணும்? இறக்காமத்து பஸ்ஸுல ஏறினாப் போதாதா?” உண்மையில் நல்ல கேள்வி. இன்றுவரை அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. வாப்பா மட்டும், அவள் பார்க்கப் போகவில்லை, படிக்கப் போகிறாள் என்று சொல்லிவிட்டு என் பெட்டியைக் கட்டத் தொடங்கினார்.

வகுப்பில் இருபத்திரண்டு பேர். பாதிப் பேரின் வீட்டில் குதிரை இருந்தது. இந்தத் துறையில் பட்டத்தைவிட அனுபவம் முக்கியம் என்று முதல் கிழமையிலேயே சொல்லிவிட்டார்கள். அனுபவம் என்றால் ஒரு வருடமோ இரண்டு வருடமோ சம்பளமில்லாமல் வேலை செய்வது. வௌவால் எண்ணலாம், பறவைக்கூடு பார்க்கலாம், வேலி கட்டலாம். எல்லாம் வொலண்டியர். சும்மா வேலை செய்ய வசதியுள்ளவர்களுக்குத்தான் பிறகு சம்பளத்துக்கு வேலை கிடைக்கும் என்பது எனக்கு விளங்க ஒரு பருவம் எடுத்தது. எங்களூரில் சம்பளமில்லாமல் இரண்டு வருடம் ஒருவரிடம் வேலை செய்கிறவனை வீட்டோடு மாப்பிள்ளை என்பார்கள். ஒருநாள் விரிவுரையாளர் மனித–யானை முரண்பாடு என்ற தலைப்பில் ஒரு படம் போட்டார். ஒரு பக்கம் அழகான யானைக் குடும்பம், குட்டிக்குத் தனி அம்புக்குறியோடு. மறுபக்கம் சாரம் உடுத்த ஓர் ஆள், முகம் தெளிவில்லாமல். எங்கள் பக்கத்து வயல்காரரைப்போல இருந்தார். கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். அந்த ஆளின் பெயர் என்ன என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பட்டம் கிடைத்ததும் நான் போய்ச் சேர்ந்த இடம் முதியோர் இல்லம். அங்கே சம்பளம் ஒழுங்காக வந்தது, விசா விசயத்தையும் பார்த்துக்கொள்வதாக மேலாளர் சொல்லியிருந்தார். இங்கே உள்ளவர்கள் படிப்புக் கடனை வருடக்கணக்கில், சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கிறார்கள். எனக்குக் கடன் பவுணில் இல்லை, போகத்தில். மிச்சம் பிடித்த காசை அனுப்பி, மீதிப் போகங்களை ஹாஜியாரிடமிருந்து திரும்ப வாங்கி, தவணைக்கு முந்தியே வயலை வாப்பாவின் கையில் கொடுப்பதுதான் என் திட்டம். ஆகவே எல்லாவற்றையும் போகமாக்கிப் பார்த்தேன். முதியோர் இல்லத்தில், மேலதிக வேலையும் செய்தால், இரண்டரை மாதச் சேமிப்பு ஒரு போகம். நான் படித்த துறையில் பத்திரிகையில் வருகிற வேலை எதை எடுத்தாலும் வருடத்துக்கு ஒரு போகம் தேறாது. கொன்சர்வேஷன் என்பது இந்த நாட்டில் பணக்காரர்களின் நோன்பு. பசிக்கும்போது முறித்துக்கொள்ளலாம் என்ற தைரியம் உள்ளவர்கள் பிடிக்கிற நோன்பு.

இந்தக் கணக்கெல்லாம் வாப்பாவின் ஒரு படத்தில் குழம்பியது. போன வருடம் தம்பி வட்ஸ்அப்பில் அனுப்பினான். வயலில் மரத்தின்மேல் காவல் பரண். பரணில் டோர்ச் லைட்டும் யானை வெடியுமாக வாப்பா. குத்தகைக்குக் கொடுத்த வயலில் இவருக்கு என்ன வேலை என்று கேட்டேன். தம்பி மென்று விழுங்கிச் சொன்னான். ஹாஜியார் காவலுக்கு ஆள் தேடியிருக்கிறார். அந்த மண்ணை வாப்பாவைவிட அறிந்தவர் யார்? கேட்க, இவரும் சம்மதித்திருக்கிறார். தன் சொந்த வயலுக்குக் கூலிக் காவல். யானையைக் காப்பாற்றப் படித்த மகளின் கட்டணத்துக்காக, அதே யானையை வெடி போட்டு விரட்டுகிற உத்தியோகம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு இல்லத்தின் சலவை அறைக்குள் போய், விரிப்புகளுக்கு நடுவில் நின்று அழுதேன். வாப்பாவுக்கு அறுபத்தொரு வயது.

இதற்கிடையில் ஒரு அறக்கட்டளையிலிருந்து நேர்முகத்துக்கு அழைத்தார்கள். ஒன்பது மாத வேலை. குளங்களையும் அவற்றில் உள்ளவற்றையும் கணக்கெடுப்பது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள் என்றார்கள். என் தந்தை யானைகளோடு வேலை செய்கிறார் என்று சொன்னேன். பொய் இல்லை. மூவரின் முகமும் மலர்ந்தது. எத்தனை காலமாக என்றார்கள். இப்போதுதான், ஆனால் அந்த இடத்தை நாற்பது வருடமாகத் தெரியும் என்றேன். களத்திலேயே தங்குவாரா? மரத்தின்மேல் தங்குவார் என்றேன். பரம்பரையாக வருகிற ஈடுபாடு என்று ஒருவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். திருத்த வாய் வரவில்லை. வேலை எனக்குத்தான் என்று மறுகிழமை கடிதம் வந்தது. ஒன்பது மாதமும் அங்கே வேலை செய்தால் அரைப் போகம் மிஞ்சும். அதற்கும் நான் சந்தோசப்பட்டேன். படித்தது வீண்போகவில்லை என்று வாப்பாவுக்குச் சொல்ல ஒரு கடதாசி கிடைத்ததல்லவா. பதில் எழுத இரண்டு கிழமை தவணை தந்திருந்தார்கள்.

அந்த இரண்டு கிழமைக்குள்தான் ஊரில் பிரச்சினை வெடித்தது. குத்தகையில் ஐந்து போகம் முடிந்திருந்தது. அதில் மூன்றாவதையும் ஐந்தாவதையும், கதிர் பால்பிடிக்கும் நேரத்தில், யானை வந்து தின்றுவிட்டது. தின்ற போகம் இரண்டும் கணக்கில் சேராது, பன்னிரண்டாவது போகம் முடிந்த பிறகுதான் வயலைத் திருப்பித் தருவேன் என்று ஹாஜியார் சொன்னார். அவர் கொடுத்தது விளைச்சலுக்கான காசு. யானைக்குச் சோறு போடக் கொடுத்ததல்ல. காவல்காரன் கண்ணயர்ந்ததால்தான் யானை இறங்கியது என்றும் ஒரு பேச்சு. அந்தக் காவல்காரன் என் வாப்பா. விசயம் பள்ளிவாசலுக்குப் போய், அதன் நிர்வாகிகளான மரைக்காயர்மார் அஸர் தொழுகைக்குப் பிறகு கூடினார்கள். கேள்வி ஒன்றுதான். யானை வந்தது அல்லாஹ்வின் நாட்டமா, காவலின் குறையா? நாட்டம் என்றால் நட்டம் ஹாஜியாருக்கு. குறை என்றால் வாப்பாவுக்கு.

அங்கேதான் ஓய்வுபெற்ற வாத்தியாரான ஒரு மரைக்காயர், இவருடைய மகள் இதற்குத்தானே படித்திருக்கிறா, அவவிடமே கேட்போம் என்றாராம். குற்றம் சாட்டப்பட்டவரின் மகளிடம் நிபுணர் அறிக்கை கேட்பதா என்று இன்னொருவர் தடுத்திருக்கிறார். ஹாஜியாரே குறுக்கிட்டுச் சொன்னாராம்: “அவ பொய் செல்லமாட்டா. பொய் செல்லத் தெரிஞ்சிருந்தா வேற படிப்புப் படிச்சிரிப்பா.” இப்படியாக, என் பட்டத்துக்கு உலகத்தில் முதன்முதலாக ஒரு வேலை வந்தது. அதற்கும் சம்பளம் இல்லை. ஊரிலும் வொலண்டியர்.

தம்பியை வயலுக்கு அனுப்பினேன். எந்தப் பக்கத்தால் இறங்கின, எந்தப் பக்கத்தால் ஏறின, கால்தடம், விட்டை, ஒன்றையும் விடாமல் படமெடு என்றேன். நூற்றுப்பத்துப் படம் அனுப்பினான். விட்டைக்குப் பக்கத்தில் அளவுக்குத் தன் செருப்பை வைத்திருந்தான், நல்ல பிள்ளை. பெரிய விட்டையும் இருந்தது, சின்னதும் இருந்தது. குட்டிகளோடு வந்திருக்கிறது, தனி ஆண் யானை இல்லை. தடங்கள் அலைந்து திரியவில்லை. கிழக்கே காட்டிலிருந்து இறங்கி, கீழ்வயல் ஒரு ஏக்கரின் நீளத்துக்கு நேராகப் போய், மேற்கே குளத்துப் பக்கம் ஏறியிருந்தன. போகிற வழியில் இரு பக்கமும் தின்றும் மிதித்தும் வயலில் பெரும்பகுதியை முடித்திருந்தன. வேலை முடிந்து வந்து கட்டிலில் கிடந்து படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போதுதான், பின்னால் நின்ற விளாமரங்கள் கண்ணில் பட்டன.

அந்த விளாமரங்களில் ஏறித்தான் நானும் தம்பியும் வளர்ந்தோம். கீழ்வயல் ஓரமாகப் பதினொரு மரம், ஏறக்குறைய ஒரே வரிசையில். யாரும் நட்டவையல்ல. சீனியும் உப்பும் போட்டுப் பழத்தைத் தின்றதைத் தவிர, ஏன் அங்கே நிற்கின்றன என்று நாங்கள் கேட்டதில்லை. விளாம்பழத்தை யானை முழுசாக விழுங்கும். விதை செமிக்காது; போகிற வழியில் விட்டையோடு விழுந்து முளைக்கும். இதை ஒரு பாடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். அந்த மரங்களில் மூத்தது வாப்பாவின் வயதுக்குக் குறையாது. நாற்பது வருடத்துக்கு முன் எங்கள் குடும்பம் காடு வெட்டி வயலாக்க முந்தியே அது யானை போகிற பாதை. பாதைக்குக் குறுக்கே நாங்கள்தான் நெல்லை விதைத்துவிட்டு, யானை களவெடுக்கிறது என்று முறையிட்டிருக்கிறோம். அங்கே எந்தக் காவல்காரன் கண் விழித்திருந்தாலும் ஒன்றுதான்.

வாப்பா தப்பினார் என்று துள்ளியெழுந்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காவலில் குறையில்லை என்று எழுதினால், காரணத்தையும் எழுதவேண்டும். காரணத்தை எழுதினால், எங்கள் வயல் யானைப் பாதையில் இருக்கிறதென்று நானே கையெழுத்திட்டுக் கொடுத்ததாகும். அதன்பிறகு அந்த வயலை யார் குத்தகைக்கு வைத்திருப்பான்? மிஞ்சிய ஐந்து போகத்தின் காசை ஹாஜியார் திருப்பிக் கேட்டால் எங்கே போவது? அந்தக் காசு எப்போதோ ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் சுவரில் பூச்சாகிவிட்டது. தம்பி வழியாகக் கேள்விப்பட்ட உம்மாவுக்கு இது என்னைவிடச் சீக்கிரம் விளங்கிவிட்டது. போனை எடுத்து நேரே விசயத்துக்கு வந்தார்.

“ஒரு தனியன், வழி தவறி வந்திச்சு எண்டு எழுது மகள். வாப்பாக்கும் குத்தமில்ல, குத்தகையும் நிக்கும். இது பொய்யா? யானைகிட்ட யாரு கேக்கப் போறாங்க?”

உம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நான் படித்த எந்தப் பேராசிரியரும் ஒரு பிரச்சினையை இவ்வளவு சுருக்கமாகத் தீர்த்ததில்லை. இரண்டு நாள் அந்தத் தனியன் யானையை என் தலைக்குள் கட்டி வைத்திருந்தேன். கடிதத்தின் முதல் வரியை அதைக்கொண்டே எழுதியும் பார்த்தேன். பிறகு வாப்பாவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், பாதை, மரங்கள், ஐந்து போகக் காசு. அவர் வயலில் நின்றார். கீழே ஏதோ உழவு இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

“கண்டத எழுது,” என்றார் வாப்பா. “அதுக்குத்தானே மகள் பத்துப் போகம் குடுத்தம்.”

எழுதினேன். மூன்று பக்கம், தமிழில். இந்தப் படிப்பைத் தமிழில் எழுத வேண்டி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாதிச் சொல்லுக்கு வாப்பாவைத்தான் கேட்டேன். பள்ளிவாசலில் அந்த மரைக்காயர் வாத்தியார் அதை வாசித்துக் காட்டினாராம். விளாமரம் வந்த இடத்தில் வயதானவர்கள் இரண்டு பேர் ஓம் ஓம் என்றார்களாம். வாசித்து முடிந்ததும் ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டிருக்கிறார்: “அப்ப, யானைர ரோட்டையா எனக்குக் குத்தகைக்குத் தந்திரிக்காங்க?” நியாயமான கேள்விதான். நானே எழுதிக் கொடுத்த கேள்வி. தீர்ப்பு மஃரிபு தொழுகைக்கு முந்தி முடிந்தது. காவல்காரனில் குற்றமில்லை. தின்ற போகங்கள் போனவைதான், அவையும் கணக்கில் சேரும். ஆனால் தெரிந்துகொண்டு ஒருவரை நட்டத்தில் நிறுத்தக்கூடாது. ஹாஜியார் விரும்பினால் விலகலாம், அப்போது மீதி ஐந்து போகக் காசை வாப்பா ஒரு வருடத் தவணையில் திருப்பிக் கொடுக்கவேண்டும். அவர் விலகினார். வாப்பாவின் தோளைத் தட்டி, உன் மகளுக்கு என் சலாத்தைச் சொல்லு என்றும் சொன்னாராம். அந்த சலாம்தான் என் ஆலோசனைக் கட்டணம்.

அறக்கட்டளைக்குப் பதில் எழுத நான்கு நாள் இருந்தது. கணக்குப் போட ஒன்றும் இருக்கவில்லை. ஐந்து போகம், ஒரு வருடம். இரண்டரை மாதத்துக்கு ஒன்று; இதுவரை மிச்சம் பிடித்ததில் விசாக் கட்டணம் போகக் கையில் இருந்தது கால் போகம். முதியோர் இல்லத்தில் மேலதிக வேலையை விடாமல் செய்தால் சரியாக வரும்; குளம் எண்ணப் போனால் வராது. குடும்ப நிலைமை காரணமாக ஏற்க முடியவில்லை என்று நாலு வரி எழுதினேன். உங்கள் தந்தையின் பணிக்கு எங்கள் வாழ்த்து என்று பதில் வந்தது. வாசித்துவிட்டுச் சிரித்தேன். அந்த வேலையை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதிவிடுகிறேன். மிகவும் விரும்பினேன்.

இப்போது வயல் வாப்பாவின் கையில். அறிக்கையின் படப்பிரதி இறக்காமத்துப் பக்கம் கைமாறித் திரிகிறதாம். காவல்கூலியில் வெட்டுவிழுந்த இரண்டு பேர் அதைக் காட்டி முழுக்கூலி வாங்கிவிட்டார்களாம். இன்னொருவர் எனக்கே போன் எடுத்து, யானைகளிடம் சொல்லித் தன் வயலை விட்டுப் போகச் செய்ய முடியுமா என்று கேட்டார். படிப்பில் அந்தப் பாடம் இருக்கவில்லை என்றேன். அப்படியானால் என்னத்தைப் படித்தாய் என்றார்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பா பேசினார். ஒன்பது ஏக்கரை உழுதாயிற்று. கீழ்வயல் ஒரு ஏக்கரை விட்டுவிட்டாராம். இனி அதில் விதைக்கப் போவதில்லை. அந்த ஒரு ஏக்கரை என் பேருக்கு எழுதப் போவதாகச் சொன்னார். நான் சிரித்தேன். விளையாத காணியைப் பார்த்து மகளுக்குக் கொடுக்கிறீர்களா என்றேன்.

“நீயும் இஞ்ச இரிக்கிறதில்ல, அதுகளும் இஞ்ச இரிக்கிறதில்ல,” என்றார். “வந்து போற ஆக்களுக்கு ஒரு காணி வேணுந்தானே மகள்.”

 எழுதுங்கள் வாப்பா என்றேன். காணி உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு என் முகவரியைக் கேட்டாராம். செலவைக் குறைக்க, வாடகை அறையை இந்த மாதத்தோடு விட்டு இல்லத்திலேயே தங்கப் போகிறேன். ஆகவே முதியோர் இல்லத்தின் முகவரியைக் கொடுத்தேன். நேற்று தம்பி உறுதியைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். வடக்கு எல்லை, வாப்பாவின் வயல். தெற்கு எல்லை, வாய்க்கால். கிழக்கும் மேற்கும், யானை போகும் வழி. உரிமையாளரின் வதிவிடம், இங்கிலாந்து.